கட்டைவிரலை மறந்த கதவு

“மன்னிக்கவும். உங்களை எனக்குத் தெரியவில்லை” என்றது கதவு.

பெண் குரல். வானொலியில் செய்தி வாசிப்பதுபோலச் சுத்தமான உச்சரிப்பு. அவன் கட்டைவிரலை ரேகை பார்க்கும் தகட்டிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய விரல்தான். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது. கதவு மட்டும் என்ன அந்நியமா? அதை வரைந்தவன் அவன். அந்தக் குரலைப் பத்துப் பதினைந்து குரல்களில் பொறுக்கி எடுத்தவனும் அவன்தான். பெற்று வளர்த்த கதவே ‘யார் நீ’ என்று கேட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அவனுக்கு என்னவோ சுவாரசியமாக இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் தொட்டில், மகள், அமைதி. இந்தப் பக்கம் அவன். நடுவில் அவனுடைய மூளை.

அவன் ஒரு பூட்டுக் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளன். ஒரு பொருள் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். சாவி போட்டால் பூட்டு திறக்கும் என்று உலகம் நினைக்கும் இடத்தில், அவன் ‘ஒருவேளை’ என்று ஆரம்பிப்பான். ஒருவேளை சாவித் துவாரத்தில் எறும்பு குடியேறியிருந்தால்? ஒருவேளை அந்த எறும்பை எடுக்க யாராவது ஊசியை விட்டால்? ஒருவேளை ஊசி உள்ளேயே முறிந்தால்? இப்படிக் கேட்டுக் கேட்டு, ஆபீசில் அவன் பெயரே ‘ஒருவேளை’ ஆகிவிட்டது. கேன்டீன்காரர் டீயை வைத்துவிட்டு, “ஒருவேளை சார், சூடா இருக்கு, பாத்து” என்பார். அவனும் கோபித்துக்கொள்ளாமல், கிளாஸின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பான். அதில் டீ சட்டையில் கொட்டும்.

அந்த மூளையின் சமீபத்திய சாதனைதான் இந்தக் கதவு. குழந்தை அறைக்கென்றே செய்தது. தொட்டிலில் பாரம் ஏறியதும் தானே பூட்டிக்கொள்ளும். காற்றில் அடித்துக்கொள்ளாது. பூனை நுழையாது. “தூங்குறாளா, சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்” என்கிற உறவுக்காரர்கள் நுழைய முடியாது. திருடன் நுழையவே முடியாது. அம்மா அப்பா கட்டைவிரல் வைத்தால் மட்டும் திறக்கும். கம்பெனியின் முதல் கதவை அவன் வீட்டிலேயே மாட்டியிருந்தார்கள். அவன் ‘சரி’ என்றால் ஊரெல்லாம் விற்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மனைவிதான் ‘சரி’ சொல்லவில்லை. அவளும் பொறியாளர். லிஃப்ட் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு. அதாவது, இன்னொருத்தர் பார்த்துப் பார்த்துக் கட்டியதை உடைத்துப் பார்க்கிற பிரிவு. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். “நான் வீட்டுலேருந்தே வேலை பாக்கறேன், பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ போ” என்று அவன் சொல்லாத நாளில்லை. “பாக்கலாம்” என்று அவள் சொல்லாத நாளுமில்லை.

இன்றைக்குத்தான் முதல் முறையாக, ஆபீஸ் வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இதில் அவன் தேறினால் அவள் வேலைக்குப் போவாள். தேறாவிட்டால் வீட்டோடு இருந்துவிடுவாள். அதை அவள் ஆயுளுக்கும் சொல்லிக்காட்ட மாட்டாள். சொல்லிக்காட்டாமல் இருப்பாளே, அதுதான் அவனுக்குப் பயம்.

அவன் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, “தூங்கிட்டா, நான் கிளம்பறேன், சும்மா சும்மா எட்டிப் பாக்காதீங்க” என்று வாசல் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. அவன் புட்டிகளைக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, மறுபடியும் கழுவி, நேராகப் போய் எட்டிப் பார்க்கத்தான் கதவில் விரலை வைத்தான்.

“மன்னிக்கவும். உங்களை எனக்குத் தெரியவில்லை.”

விரலை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நேரம் வெந்நீரில் ஊறியதில் விரல் நுனி சுருங்கி, உலர்ந்த திராட்சை மாதிரி இருந்தது. ரேகைகள் அவனுடையவைதான். ஆனால் எழுபது வயதில் இருக்க வேண்டிய ரேகைகள்.

“அட” என்றான் அவன், வாய்விட்டு. பூனையை யோசித்தான், புயலை யோசித்தான், உறவுக்காரர்களை யோசித்தான். குழந்தை வளர்க்கிறவர்களின் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. நல்ல கோளாறு. ஆபீசில் சொன்னால் கைதட்டுவார்கள்.

விரலைத் துண்டில் துடைத்து வைத்தான். தெரியவில்லை என்றது. ஊதி ஊதி வைத்தான். தெரியவில்லை என்றது. பாப்பாவின் பவுடரை விரலில் கொட்டித் தேய்த்து வைத்தான். “தகடு அழுக்காக உள்ளது. சுத்தம் செய்யவும்” என்றது. ஈரத் துணியால் துடைத்தான். பவுடர் குழைந்து, தகட்டின் நான்கு ஓரத்திலும் பூசியதுபோல இறங்கியது.

“பலமுறை தவறாக முயன்றுள்ளீர்கள். தயவுசெய்து காத்திருக்கவும்” என்றது கதவு. குரலில் இப்போது லேசான இளக்காரம் இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

இதுவும் அவன் யோசனைதான். திருடன் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் என்ன செய்வது? ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். அவன் எத்தனை தடவை வைத்தான் என்பதை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். மகள் பள்ளிக்கூடம் சேருவதற்குள் திறந்துவிடும்.

பரவாயில்லை. எதற்கும் மாற்று வழி வைக்காமல் அவன் எதையும் செய்வதில்லை. கதவைக் கைபேசியிலிருந்தும் திறக்கலாம்.

கைபேசி தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுகையைக் கேட்கும் கருவியைக் கம்பெனி இன்னும் செய்து முடிக்காததால், தற்காலிகமாக அவனுடைய கைபேசியையே காதாக உள்ளே வைத்திருந்தான். பாப்பா அழுதால் கைபேசி கேட்டுக்கொள்ளும். கேட்டதும் உடனே அப்பாவுக்குத் தகவல் அனுப்பும். அப்பாவின் கைபேசிக்கு.

இதை அவன் சுவரில் சாய்ந்து நின்றபடி கொஞ்ச நேரம் ரசித்தான். ஒரு தவறு இவ்வளவு வட்டமாக அமைவது அபூர்வம்.

பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

எதிர்வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது, விசில் இன்னும் கழுத்தில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தோளாலேயே இடித்துத் திறந்துவிடலாம் என்றார். அதற்கெல்லாம் அவசியமில்லை சார், போன் மட்டும் கொடுங்கள் என்று வாங்கி, அவன் மேனேஜருக்குப் போட்டான். ஆபீசிலிருந்தே கதவைத் திறக்க ஒரு வழி உண்டு.

மேனேஜர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப உன்னாலயே தெறக்க முடியல?”

“முடியல சார்.”

“வடிவமைச்ச உன்னாலயே?”

“ஆமா சார்.”

“பிரமாதம்பா. இதையே விளம்பரத்துல போட்டுடலாம்.”

அதை அப்புறம் போடலாம், இப்போது திறந்துவிடுங்கள் என்று அவன் கெஞ்சினான். அவரும் பொத்தானைத் தட்டிவிட்டு, பேசுவது நிஜமாகவே நீதான் என்பதற்கு உன் கைபேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லு என்றார்.

அவன் கதவில் காதை அழுத்தி வைத்துக் கேட்டான். உள்ளே, எங்கோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரி, ‘டிங்’.

எண் வந்துவிட்டது. தொட்டிலுக்குப் பக்கத்தில்.

வரவில்லையா, இன்னொரு தடவை அனுப்பட்டுமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம் சார் என்று சொல்வதற்குள் அனுப்பிவிட்டார். டிங். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. டிங். அறைக்குள் சத்தம் கூடியதும் கைபேசி, அவன் அமைத்து வைத்திருந்தபடியே, குழந்தையைத் தூங்கவைக்க ஆரம்பித்தது. கதவு வழியாக மெல்லிய தாலாட்டு கேட்டது. பாடியது அவன்தான், போன வாரம் பதிவு செய்தது. சுருதி எங்கேயோ போயிருந்தது.

“யாரு தம்பி உள்ள? வலிக்குதா அவருக்கு?” என்றார் டிரில் மாஸ்டர்.

அவன் மின்சாரப் பெட்டியை நோக்கி நடந்தான். மெயினை அணைத்தான். வீடு முழுக்க ஓய்ந்தது. கதவு மட்டும் தன் பேட்டரியில் பேசியது.

“மின்சாரம் இல்லை. உங்கள் பாதுகாப்பிற்காகக் கதவு பூட்டியே இருக்கும். அமைதியாக இருக்கவும்.”

இதற்காகத்தான் அவனுக்கும் மனைவிக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டும் என்றாள் அவள். ஒருவேளை திருடனே கரண்ட்டை அணைத்துவிட்டு வந்தால் என்றான் அவன். “உள்ள இருக்கறது நகை இல்லங்க, பிள்ளை” என்றாள். அவன் திருடனைப் பற்றி மேலும் விளக்கினான். திருடனின் மனநிலை, அவன் கொண்டுவரும் ஆயுதங்கள், அவன் வரும் வழி. கடைசியில் அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தான் ஜெயித்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த இருட்டு நடையில் நின்று யோசித்தபோது, அந்தத் திருடன் இதுவரை வந்ததே இல்லை என்பது உறைத்தது. அவன் மட்டும்தான் தினமும் வருகிறான்.

மெயினை அணைத்ததில் உள்ளே மின்விசிறியும் நின்றிருக்கும் என்று சட்டென நினைவு வந்து, ஓடிப்போய் மறுபடி போட்டான். கதவு இசையோடு விழித்துக்கொண்டது.

“வணக்கம். எங்கள் கதவை வாங்கியதற்கு வாழ்த்துகள். முதல் பயனரைப் பதிவு செய்ய, கதவின் உட்புறம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்.”

அவன் தலையில் கை வைத்தான். ஈரத் துணியின் தண்ணீர் உள்ளே போய் எதையோ தொட்டிருக்க வேண்டும். கதவு அவனை மட்டுமல்ல, சகலத்தையும் மறந்துவிட்டது. மனைவி வந்து விரல் வைத்தாலும் இனி பயனில்லை.

“தம்பி, நகருங்க” என்றார் டிரில் மாஸ்டர்.

இனி அவரைத் தடுக்க அவனிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அவர் நடையின் கடைசிவரை பின்னால் போய், ஓடிவந்து, தோளால் மோதினார். கதவு அசையவில்லை. அவர் அசைந்தார். மெல்லச் சரிந்து சுவரோரம் உட்கார்ந்து, நல்ல கதவு என்றார். யானை இடித்தாலும் தாங்கும் என்று தன்னை அறியாமல் அவன் பெருமையோடு சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். கீல்கள் என்று யோசித்தார் மாஸ்டர். உள்பக்கம், திருடனுக்காக. ஜன்னல்? கம்பி போட்டிருக்கிறது, திருடனுக்காக. மாஸ்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்தத் திருடன் கொடுத்து வைத்தவன், அவனைப் பற்றி இவ்வளவு யோசிக்க ஓர் ஆள் இருக்கிறது என்றார்.

அதன் பிறகுதான் அவன் அதைக் கவனித்தான். அழுகைச் சத்தமே இல்லை.

அவன் மகள் செய்தித்தாளை மடிக்கும் சத்தத்துக்கே எழுந்துகொள்கிறவள். யாராவது கொட்டாவி விட்டால் எழுந்துகொள்வாள். இத்தனை டிங்குக்கும் அவன் தாலாட்டுக்கும் டிரில் மாஸ்டரின் தோளுக்கும் ஒரு முனகல்கூட இல்லை. அறைக்குச் சத்தம் போகாதபடி செய்திருந்தான், உண்மைதான். இவ்வளவு நன்றாகவா செய்தோம்? வாழ்க்கையில் முதல் முறையாக, தான் செய்த ஒன்று சரியாக வேலை செய்கிறதோ என்று அவனுக்குப் பயம் வந்தது.

“எழுப்பிப் பாத்துடுவோம். அழுதா நிம்மதி” என்று மாஸ்டர் விசிலை எடுத்து, கதவு இடுக்கில் வைத்து, ஒரு மைதானத்துக்கே கேட்கும்படி ஊதினார்.

உள்ளே பதிலில்லை. மாடிப்படியில்தான் தடதடவென்று சத்தம் வந்தது. கீழ்வீட்டுத் தையல் அக்கா. கழுத்தில் அளவு நாடா, உதட்டின் மேல் விரல்.

“என்ன தம்பி இது, விசில் எல்லாம் ஊதிக்கிட்டு. பிள்ள தூங்க வேணாமா?”

தூங்க வேண்டாம் அக்கா, எழுந்தால்தான் நல்லது என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள், பவுடர் அப்பிய தகட்டைப் பார்த்தாள், சுவரோரம் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாஸ்டரைப் பார்த்தாள். “இன்னுமா தெறக்கல?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போய்விட்டாள். பெரிய உதவி என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

மாஸ்டரின் போன் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஒரே ஓர் எண்தான் மிச்சம், மனைவியுடையது. அதை அழுத்தினால் இன்றைய தேர்வு முடிந்தது. அவள் வேலை, அவன் சபதம், ‘பாக்கலாம்’ எல்லாம் முடிந்தது. அழுத்தினான்.

“கதவு தெறக்க மாட்டேங்குது.”

“ம்.”

“பாப்பா உள்ள இருக்கா.”

அலறலை எதிர்பார்த்துக் காதைச் சற்றே தள்ளி வைத்திருந்தவனுக்கு, நிதானமான குரல் கேட்டது.

“முதல்ல எது வேலை செய்யல?”

“என்ன?”

“வரிசையா சொல்லுங்க. முதல்ல எது?”

அவன் சொன்னான். விரல், பவுடர், ஈரத் துணி, கைபேசி. ஒவ்வொன்றுக்கும் அவள் ‘ம்’ போட்டாள். ஈரத் துணிக்கு மட்டும், “துணி எவ்வளவு ஈரம்? பிழிஞ்சதா, பிழியாததா?” என்று கேட்டாள். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது என்று அவனுக்குத் தோன்றியது. அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறான்.

“மெயினை அணைச்சீங்களா?”

“அணைச்சேன்.”

“கதவு என்ன பண்ணுச்சு?”

“பூட்டியே இருந்துச்சு.”

அவள் சொல்லாமல் விட்டதை அவனே சொன்னான்.

“உள்ள இருக்கறது பிள்ளைன்னு நீ அன்னிக்கே சொன்ன. நான் திருடனையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். வெளிய யாரு வருவான்னு யோசிச்ச அளவுக்கு உள்ள யாரு இருக்கான்னு யோசிக்கல. இந்தக் கதவு ஒருத்தர் வீட்டுக்கும் போகக் கூடாது. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன். நீ வேலைக்குப் போறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அவ அழவே மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு, நீ வா.”

“பதறாதீங்க” என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “அவளுக்கு ஒண்ணும் ஆகல. இதோ வரேன்.”

அவன் போனை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் அதைச் சட்டைப் பையில் வைப்பதற்குள் அவள் வந்து நின்றாள். லிஃப்ட் கம்பெனி ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது அவன் மனதில் ஓடவில்லை. அவள் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்ததுதான் தெரிந்தது.

விரல் தகட்டின் இரண்டு திருகாணிகளும் வெளிப்பக்கம் இருந்தன. கழற்றினாள். தகடு கையோடு வந்தது. பின்னால் இருந்த இரண்டு கம்பிகளை எடுத்து ஒன்றோடொன்று தொட்டாள்.

“நல்வரவு” என்றது கதவு, அகலத் திறந்து.

“திருடனுக்கு இவ்ளோதான்” என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் அவன் அங்கேயே உட்கார்ந்து அந்தத் திருகாணிகளை ஆராய்ந்திருப்பான். இப்போது அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். தொட்டிலில் போர்வைக்குள் மகள் அசையாமல் கிடந்தாள். ஊதா நிறக் கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. போர்வையை விலக்கினான்.

துணி துவைக்கும் சோப்புத்தூள் பை. பெரிய அளவு. தொப்பியை அதற்குப் பொறுமையாக, கலையாமல் மாட்டியிருந்தார்கள்.

அவன் பையைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான். திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தொட்டில் பக்கமே வரவில்லை. வாசலில் மண்டியிட்டு, கதவின் நாக்கை விரலால் உள்ளே தள்ளி வெளியே இழுத்து, அது எங்கே சிக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி, ஊதாமல் நின்றார்.

படியேறி வந்த மூச்சிரைப்போடு தையல் அக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் தோளில், அளவு நாடாவின் ஒரு முனையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு, ஒரு குழந்தை எல்லாரையும் ஆர்வமாக வேடிக்கை பார்த்தது.

“ஏம்மா, சோதனை முடிஞ்சிதா? உம் பொண்ண இப்ப தொட்டில்ல போடலாமா, இல்ல நாளைக்கும் சோப்புத்தூள்தானா?”